பவளத் தொட்டிக்கு எந்த விளக்கு? வாட்டையும் கெல்வினையும் தாண்டி ஒரு எளிய விளக்கம்

கடல்நீர்த் தொட்டியில் மீனோடு பவளமும் வளர்க்கலாம் என்று முடிவு செய்பவர் முதலில் கேட்பது, "எத்தனை வாட் விளக்கு வாங்கணும்?" என்றுதான். பதிலுக்குப் பஞ்சமே இல்லை. லிட்டருக்கு ஒரு வாட் என்பார் ஒருவர். 14,000 கெல்வின் இல்லாவிட்டால் பவளம் நிற்காது என்பார் இன்னொருவர். நீல வெளிச்சம் வெறும் அழகுக்கு, வெள்ளைதான் பவளத்துக்கு என்று அடித்துச் சொல்பவரும் உண்டு. இந்தப் பேச்சை நம்பி விளக்கு வாங்கினால் இரண்டில் ஒன்று நடக்கிறது. வெளிச்சம் போதாமல் பவளம் மாதக்கணக்கில் பழுப்பேறி, மேலே எக்கி எக்கி மெலிந்து போகும். இல்லையென்றால், விலை உயர்ந்த விளக்கை முதல் நாளே முழு அளவில் எரியவிட்டதால் ஒரே வாரத்தில் சுண்ணாம்பு வெள்ளையாகிவிடும். எல்.இ.டி. பரவலான பிறகு இரண்டாவது வகைச் சாவுதான் அதிகம் என்பது என் கணிப்பு.

கணக்கு அப்படியொன்றும் சிக்கலானது இல்லை. பவளம் வெளிச்சத்தை வைத்து என்ன செய்கிறது என்று புரிந்துவிட்டால், விளக்குப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களில் எதைப் பார்ப்பது, எதை விட்டுவிடுவது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

## பவளத்துக்குள் ஒரு பாசி

பவளம் ஒரு விலங்கு. மேலே ஒரு வாய், வாயைச் சுற்றிக் கொட்டும் உணர்கொம்புகள், கீழே வயிறாக வேலை செய்யும் ஒரு பை, அவ்வளவுதான் அதன் உடல். இந்த ஒற்றை உடலுக்குப் பாலிப் என்று பெயர். நாம் ஒரு பவளம் என்று வாங்குவது பெரும்பாலும் நூற்றுக்கணக்கான பாலிப்புகள் ஒட்டி வாழும் ஒரு கூட்டம். ஒரு மூளைப் பவளத்தை விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து மங்கலான டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். பகலில் வழுவழுப்பாகத் தெரிந்த மடிப்புகளின் ஓரத்திலிருந்து, கண்ணாடி நூலாகக் கொம்புகள் நீண்டு, நுனியில் வெள்ளைப் புள்ளியோடு ஆடிக்கொண்டிருக்கும். தண்ணீரில் மிதந்து வரும் இரைக்காகக் காத்திருக்கிறது.

ஆனால் இப்படிப் பிடிக்கிற இரை மட்டும் அதற்குப் போதாது. வெப்பமண்டலக் கடலின் தெளிந்த நீரில் மிதக்கும் உணவு மிகக் குறைவு. அதனால் பவளம் தன் திசுவுக்குள்ளேயே ஒரு நுண்பாசியைக் குடிவைத்திருக்கிறது. ஜூசாந்தெல்லே என்பது அந்தப் பாசியின் பெயர். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் ஒரு சதுர சென்டிமீட்டர் பவளத் திசுவில் பத்து லட்சம் என்ற கணக்கில் இருக்கும். பாசி ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரை தயாரிக்கிறது. அதில் பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுத்துவிடுகிறது. பவளம் பதிலுக்குத் தன் கழிவிலுள்ள நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் பாசிக்குக் கொடுக்கிறது. நல்ல வெளிச்சத்தில் சில பவளங்களின் ஆற்றல் தேவையில் 90 சதவீதம் வரை இந்த வழியில் கிடைத்துவிடும். சுண்ணாம்பு எலும்பு வளரும் வேகமும் பகலில்தான் அதிகம்.

ஆக, நாம் விளக்கு வாங்குவது அந்தப் பாசிக்காக. பாசி இல்லாத பவளங்களும் உண்டு. சன் கோரல் என்று கடையில் விற்கும் ஆரஞ்சு நிறப் பவளம் குகை ஓரங்களிலும் பாறை நிழலிலும் வாழ்வது. அதற்கு எந்த விளக்கும் தேவையில்லை, பாலிப் பாலிப்பாக இரை கொடுக்க வேண்டும். அழகைப் பார்த்து அதை முதல் பவளமாக வாங்கிவிடாதீர்கள். ஊட்டிவிட ஆளில்லாமல் பட்டினியில் சாகும்.

## மழையை வைத்து ஒரு கணக்கு

ஒளி தொடர்ச்சியாகப் பாய்வதுபோல் நமக்குத் தெரிந்தாலும், அது தனித்தனித் துகள்களாகத்தான் வந்து விழுகிறது. அந்தத் துகளுக்கு ஃபோட்டான் என்று பெயர். ஒளிச்சேர்க்கையில் கணக்கு எல்லாம் இந்தத் துகள்களின் எண்ணிக்கைதான். இதை மழையாக நினைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகிவிடும்.

மழை எவ்வளவு பலமாகப் பெய்கிறது என்பது ஒரு கேள்வி. நாள் முழுக்க மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பது வேறு கேள்வி. நம் வயலில் எவ்வளவு பெய்தது என்பதுதான் விவசாயிக்கு முக்கியம், ஊருக்கு மேலே எவ்வளவு பெரிய மேகம் நின்றது என்பது இல்லை. விளக்கிலும் இதே மூன்றும் உண்டு.

வாட் என்பது மேகத்தின் அளவு மாதிரி. விளக்கு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று மட்டும் சொல்லும். அதில் எவ்வளவு ஒளியாக மாறியது, எவ்வளவு வெறும் சூடாகப் போனது, அந்த ஒளியில் எவ்வளவு தொட்டிக்குள் விழுந்தது, எவ்வளவு சுவரில் விழுந்தது என்று எதுவும் சொல்லாது. லிட்டருக்கு ஒரு வாட் என்ற பேச்சு, எல்லாரிடமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குழல் விளக்கு இருந்த காலத்தில் ஓரளவு ஓடியது. இன்றைய எல்.இ.டி.க்கு அது பொருந்தாது.

நாம் அளக்க வேண்டியது பவளம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு விநாடிக்கு எத்தனை ஃபோட்டான் விழுகிறது என்பதை. ஒளியின் நிறத்தை அதன் அலைநீளத்தால், நானோமீட்டர் என்ற அலகில் சொல்வார்கள். ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியை ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'பார்' (PAR) என்கிறார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு விழும் அந்த ஃபோட்டான்களை மைக்ரோமோல் என்ற அலகில் எண்ணுவார்கள். வளர்ப்பவர்கள் பேச்சில் அது சுருங்கி, "பார் 150 இருக்கு" என்று ஆகிவிட்டது. இந்தக் கட்டுரையிலும் அப்படியே சொல்கிறேன். வெட்ட வெளியில் உச்சி வெயிலின் பார் சுமார் 2,000.

நாளின் மொத்த மழைக்கு இணையானது தினசரி ஒளித்தொகை. பாரை, விளக்கு எரியும் விநாடிகளால் பெருக்கினால் அது கிடைக்கும். பார் 100 அளவில் 12 மணி நேரம் எரிந்தாலும், 200 அளவில் 6 மணி நேரம் எரிந்தாலும் தொகை ஒன்றுதான்: ஒரு சதுர மீட்டருக்கு 4.32 மோல் (பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்). விளக்கின் பலம் கொஞ்சம் குறைவு என்றால் நேரத்தைக் கூட்டி ஈடுகட்டலாம் என்பது இதிலிருந்து தெரிகிறது. எல்லையில்லாமல் அப்படிச் செய்ய முடியாது என்பதைப் பிறகு பார்ப்போம்.

இதுவரை பார்த்தது: பவளத்துக்குள் இருக்கும் பாசிக்குத்தான் ஒளி வேண்டும். பவளம் இருக்கும் இடத்தில் விழும் பார் அளவும், அது எத்தனை மணி நேரம் விழுகிறது என்பதும்தான் கணக்கு. வாட் மின்கட்டணத்துக்கு உதவும்.

## நம் கண் ஏன் தவறாகச் சொல்கிறது

"தொட்டி பளிச்சென்று இருக்கிறதே, இது போதாதா?" இந்தக் கேள்வியில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். மனிதக் கண் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் பார்ப்பதில்லை. பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே, 555 நானோமீட்டரில் அதற்குக் கூர்மை அதிகம். நீலத்தில் மிகவும் மந்தம். லூமென், லக்ஸ் இரண்டும் நம் கண்ணுக்கு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதை அளக்கும் அலகுகள். அதனால் கண்ணின் பலவீனம் அப்படியே அவற்றிலும் இருக்கிறது.

எண்ணில் பார்த்தால் வித்தியாசம் திகைக்க வைக்கும். 555 நானோமீட்டர் பச்சை ஒளியில் பார் 1 என்றால் அது சுமார் 147 லக்ஸ். 450 நானோமீட்டர் நீல ஒளியில் அதே பார் 1 என்பது வெறும் 7 லக்ஸ் அளவுதான். அதாவது பாசிக்கு ஒரே எண்ணிக்கையில் ஃபோட்டான் போய்ச் சேர்ந்தாலும், நீல விளக்கு நம் கண்ணுக்கு இருபதில் ஒரு பங்கு வெளிச்சமாகத்தான் படும். நீல விளக்கில் தொட்டி மங்கலாக இருக்கிறதே என்று பொத்தானைத் திருகித் திருகி 100 சதவீதத்துக்குக் கொண்டுபோவது இதனால்தான். அந்த மங்கலான தொட்டியில் பார் 400 இருக்கலாம். குறைந்த வெளிச்சம் போதும் என்றிருக்கும் மஷ்ரூம் பவளம் அதில் வெந்துவிடும்.

வெயிலுக்கு மட்டும் ஒரு வாய்ப்பாடு உண்டு. லக்ஸை 54ஆல் வகுத்தால் பார் கிடைக்கும். கைபேசியில் பார் காட்டும் செயலிகள் பலவும் இந்த மாதிரி ஒரு வகுத்தலைத்தான் செய்கின்றன. நீலம் தூக்கலான பவள விளக்குக்கு அது செல்லாது.

## எவ்வளவு விழுந்தால் போதும்?

காய்ந்த மண்ணில் மழை பெய்தால் முதலில் எல்லாம் உள்ளே இறங்கும். மண் குடிக்கும் வேகத்தைவிட மழை வலுத்தால் மிச்சம் வழிந்தோடும். இன்னும் கொட்டினால் வரப்பை அரித்துவிடும். பாசியின் ஒளிச்சேர்க்கையும் இப்படித்தான் மூன்று கட்டமாக நடக்கிறது.

பார் குறைவாக இருக்கும்போது, கூட்டக் கூட்ட ஒளிச்சேர்க்கையும் கூடும். ஓர் அளவுக்கு மேல் அது அப்படியே நின்றுவிடும். அந்த அளவுக்கு நிறைவுநிலை என்று பெயர். தொட்டிகளில் வளர்க்கும் பல பவளங்களில் இது 200 முதல் 400க்குள் வந்துவிடுகிறது. அதற்கு மேலும் ஒளி கொட்டினால் பாசிக்குள் வினைவேகம் மிகுந்த, நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகி அதன் ஒளிச்சேர்க்கைக் கருவியையே சேதப்படுத்துகின்றன. பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும். பாசி போனால் நிறம் போய்விடும், திசு கண்ணாடியாகி உள்ளே இருக்கும் வெள்ளை எலும்பு தெரியும். இதுதான் வெளிறுதல். வெளிறிய பவளம் உடனே செத்துவிட்டது என்று பொருளில்லை. ஆனால் அதன் வீட்டில் உலை எரியவில்லை என்று அர்த்தம்.

தண்ணீர் சூடானால் இந்த எல்லை இன்னும் கீழே இறங்கிவிடும். மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் பவளங்கள் பெருமளவு வெளிறியது கடல்நீர் சூடானதால்தான். தொட்டியிலும் அப்படியே. 26 டிகிரியில் தாங்கிய வெளிச்சத்தை 31 டிகிரியில் தாங்காது. சென்னை, தூத்துக்குடி மாதிரி ஊர்களில் மே மாதம் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் ஓடாத நாளில் விளக்கைக் கொஞ்சம் தணித்து வைப்பது நல்லது.

நேரத்தைக் கூட்டி ஈடுகட்டலாம் என்று சொன்னேன் அல்லவா, அதன் மறுபக்கம் இது. பார் 100இல் 12 மணி நேரத்துக்கு வரும் அதே தொகையை, பார் 800இல் ஒன்றரை மணி நேரத்தில் கொடுத்துவிட முடியாது. தொகை ஒன்றுதான், ஆனால் பெரும்பகுதி வழிந்தோடிவிடும், வரப்பும் உடையும்.

நடைமுறையில் வளர்ப்பவர்கள் பின்பற்றும் அளவுகள் இவை. மஷ்ரூம், சோவாந்தஸ், லெதர், ஜீனியா போன்ற மென்பவளங்களுக்குப் பார் 50 முதல் 150 வரை போதும். மஷ்ரூமுக்கு அந்த வரம்பின் கீழ்ப்பாதியே பிடிக்கும். டார்ச், ஹேமர், மூளைப் பவளம் போன்ற பெரிய பாலிப் கல்பவளங்களுக்கு, அதாவது கடையில் எல்.பி.எஸ். என்று சொல்பவற்றுக்கு, 80 முதல் 150 வரை. அக்ரோபோரா, மாண்டிபோரா போன்ற சிறிய பாலிப் கல்பவளங்களுக்கு, அதாவது எஸ்.பி.எஸ்.க்கு, 200 முதல் 350 வரை. இவை சட்டம் இல்லை, தொடங்குவதற்கான இடம். ஒரே இனம் கடலில் 3 மீட்டரிலும் வளரும், 20 மீட்டரிலும் வளரும். உங்கள் கைக்கு வந்த துண்டு எந்த வெளிச்சத்தில் இருந்து வந்தது என்று விற்பவரிடம் கேட்பது இந்த எண்களைவிடப் பயன்படும்.

## நீலம் ஏன்?

தெளிந்த கடலில் 10 மீட்டர் இறங்கினால், 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியில் நூற்றில் ஐந்து பங்குகூட மிஞ்சாது. தண்ணீரே அதை விழுங்கிவிடும். 450 நானோமீட்டர் நீலமோ முக்கால் பங்குக்கு மேல் அப்படியே இறங்கும். பவளப் பாசி பல கோடி ஆண்டுகளாக இந்த நீல உலகத்துக்குப் பழகியது. அதிலுள்ள பச்சையங்கள் 430, 450 நானோமீட்டர் பக்கம் ஒளியை நன்றாகப் பிடிக்கும். பெரிடினின் என்ற இன்னொரு நிறமி நீலப்பச்சைப் பகுதியைப் பிடித்துக் கொடுக்கும்.

ஆகவே நீலம் அழகுக்கு மட்டும் என்பது தவறு. அதுதான் பாசியின் அன்றாடச் சாப்பாடு. நம் தொட்டியில் தண்ணீர் அரை மீட்டர்தான். கடல் வடிகட்டி நீக்கிவிடும் சிவப்பை அரை மீட்டர் தண்ணீரால் நீக்க முடியாது. வடிகட்டிய பின் எப்படி இருக்குமோ, அந்த நிறத்தில் விளக்கே ஒளியைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. செடிக்கென்று விற்கும் இளஞ்சிவப்பு விளக்கைப் பவளத்தின் மேல் தொங்கவிட்டால் ஒத்துவராததும் இதனால்தான்.

வெள்ளையும் தேவைப்படுகிறது, பெரும்பாலும் நமக்காக. நீலம் மட்டும் எரிந்தால் மீனின் நிறம் தெரியாது, பவளம் பழுப்பேறியதும் வெளிறியதும் கண்ணுக்குப் படாது. என் விருப்பம், நீலம் தூக்கலாகவும், அதனுள் மதியம் சில மணி நேரம் வெள்ளை சேர்ந்தும் இருப்பது. எப்படியும் வாரம் ஒரு முறையாவது வெள்ளை வெளிச்சத்தில் பவளங்களைப் பாருங்கள்.

கெல்வின் எங்கே வருகிறது? வெள்ளை ஒளி மஞ்சள் சாய்ந்ததா, நீலம் சாய்ந்ததா என்று சொல்லும் எண் அது. பகல் வெளிச்சம் 6,500 என்றால், 20,000 நன்றாக நீலம் பாய்ந்தது. அது கண்ணுக்குத் தெரியும் சாயல் மட்டுமே. ஒரே கெல்வின் எழுதிய இரண்டு விளக்குகளில் எந்த நிறம் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு வேறாக இருக்கலாம். பலம் எவ்வளவு என்பதை அந்த எண் சொல்லவே சொல்லாது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். நீல விளக்கில் பவளம் பச்சையாகவும் செம்மஞ்சளாகவும் ஜொலிக்கிறதே, அது பாசி வேலை செய்வதன் அறிகுறி இல்லை. பவளத் திசுவிலுள்ள ஒளிர்புரதங்கள் நீல ஒளியை வாங்கி வேறு நிறத்தில் திருப்பிவிடுகின்றன. ஜெல்லி மீனில் கண்டெடுத்த இப்படிப்பட்ட பச்சைப் புரதத்துக்காகத்தான் 2008இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. உயிரியல் ஆய்வகங்கள் பயன்படுத்தும் சிவப்புப் புரதம் ஒன்று 1999இல் மஷ்ரூம் பவளத்திலிருந்தே எடுக்கப்பட்டது. ஆரம்பநிலை வளர்ப்பாளரின் தொட்டியில் மூலையில் கிடக்கும் அதே வகை. வெளிறிக்கொண்டிருக்கும் பவளம்கூட நீலத்தில் அற்புதமாக ஜொலிக்கும் என்பதால், ஜொலிப்பை வைத்து உடல்நலத்தைக் கணிக்காதீர்கள்.

சுருக்கமாக: நீலம் பாசிக்கு, வெள்ளை பெரும்பாலும் நம் கண்ணுக்கு, கெல்வின் சாயலுக்கு. பலத்தைச் சொல்வது பார் மட்டுமே.

## எந்த வகை விளக்கு?

வெயிலே போதும் என்று காட்டியவரும் உண்டு. ஜகார்த்தாவில் லீ சின் எங் 1960களின் தொடக்கத்திலேயே வெயில் வெளிச்சத்தையும் காற்றுக் குமிழையும் உயிர்ப் பாறையையும் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல் பாறை) வைத்துப் பவளம் வளர்த்துக் காட்டினார். நம் வீட்டு ஜன்னலோரத்தில் சிக்கல், வெயில் கொண்டுவரும் சூடு. மாதத்துக்கு மாதம் அது விழும் கோணமும் மாறும்.

மெட்டல் ஹாலைடு விளக்கு ஒரே புள்ளியிலிருந்து வெயில் மாதிரி பலமாக அடிக்கும், தண்ணீரடியில் ஒளி அலையலையாக நெளிவது பார்க்க அவ்வளவு அழகு. சூடும் மின்செலவும் அதிகம். நம் ஊர்த் தட்பவெப்பத்துக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். டி5 குழல் விளக்கு தொட்டி முழுக்கச் சீராகப் பரப்பும், நிழல் விழாது. ஆனால் குழல் எரிந்துகொண்டிருக்கும்போதே பலம் குறைந்துகொண்டு வரும், ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும்.

இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு எல்.இ.டி.தான் சரி. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் பிரகாசமான நீல எல்.இ.டி. உருவானது. அதற்காக அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. வீட்டு வெள்ளை எல்.இ.டி. பல்புக்கும் அடியில் இருப்பது நீலச் சில்லுதான். பவளத்துக்கு வேண்டிய நிறமே மலிவாகக் கிடைக்கும் காலம் இது.

எல்.இ.டி.யின் குறை பரவலில் இருக்கிறது. சிறிய பெட்டியிலிருந்து ஒளி குவிந்து விழுவதால் நேர் கீழே கொட்டும், ஓரத்தில் தூறும். பாறையின் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் இருட்டாகவும் இருக்கும். கிளைவிட்டு வளரும் அக்ரோபோராவின் மேல்பக்கம் நிறமாகவும் அடிப்பக்கம் செத்தும் இருப்பதைப் பார்க்கலாம். ஒரே பெரிய விளக்கைவிட, அதே மொத்த பலத்தை இரண்டு சிறிய விளக்குகளாகப் பிரித்து வாங்குவது நல்லது. ஒன்றின் நிழலை மற்றொன்று நிரப்பும், ஒன்று பழுதானாலும் தொட்டி இருட்டாகாது. விளக்கைக் கொஞ்சம் உயர்த்தித் தொங்கவிட்டாலும் பரவும், உச்சியில் பலம் குறையும்.

இன்னொன்று. "நான் 50 சதவீதத்தில் ஓட்டுகிறேன், நீங்களும் அப்படியே வையுங்கள்" என்று நண்பர் சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருங்கள். அவர் விளக்கு வேறு, தொட்டி ஆழம் வேறு, தொங்கும் உயரம் வேறு. சதவீதம் அந்த ஒரு விளக்குக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண்.

## உங்கள் தொட்டியில் எங்கே எவ்வளவு?

60 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம் உள்ள ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒரு எல்.இ.டி. தொங்குகிறது. பாறையின் உச்சியில் பார் 220 இருந்தால், அதற்கு நேர் கீழே மணலில் 100 இருக்கலாம், முன்பக்க மூலை மணலில் 45தான் இருக்கலாம். அரை மீட்டர் தண்ணீர் ஒளியைப் பெரிதாக விழுங்குவதில்லை. தூரம் போகப் போக ஒளி விரிந்துவிடுவதால்தான் இந்தச் சரிவு. இதைக் குறையாக நினைக்க வேண்டாம். மாண்டிபோரா உச்சிக்கு, ஹேமர் நடு மணலுக்கு, மஷ்ரூம் மூலைக்கு என்று ஒரே விளக்கில் மூன்று வகைக்கும் இடம் கிடைக்கிறது.

இதை அறிய பார் மானி வேண்டும். விலை அதிகம்தான். ஆனால் தொட்டிக்கு ஒன்றிரண்டு முறை பயன்படுத்தும் கருவி என்பதால் வளர்ப்பவர்கள் கைமாற்றிக்கொள்வது வழக்கம், சில கடைகள் வாடகைக்கும் தருகின்றன. பழைய வகை மானிகள் நீலத்தைக் குறைத்துக் காட்டும், முழு நிறமாலை என்று குறிப்பிட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். ஒரு தாளில் தொட்டியைக் கட்டம் கட்டமாக வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் மணல் மட்டத்திலும் பாறை மட்டத்திலும் எண்ணைக் குறித்துவிட்டால், அந்தத் தாள் அடுத்த பல வருஷத்துக்குப் பேசும். மானி கிடைக்கவே இல்லையென்றால், தயாரிப்பாளர் வெளியிடும் பார் வரைபடத்தைப் பார்த்து, அதில் சொன்னதைவிடக் குறைவாகவே தொடங்குங்கள்.

## மெல்ல மெல்ல

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? 8 முதல் 10 வரை. அதில் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் மங்கலாக ஏறி இறங்கட்டும். ராத்திரி முழு இருட்டு வேண்டும். வரவேற்பறையில் நள்ளிரவு வரை நீல விளக்கு எரிவது நமக்கு ரம்மியம், அந்த நேரத்தையும் தொகையில் சேர்க்க மறந்துவிடுகிறோம்.

புதுப் பவளம் வந்தால் முதலில் மணலில், வெளிச்சம் குறைந்த இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக உயர்த்தலாம். விளக்கே புதிது என்றால், கணக்குப்படி வர வேண்டிய அளவில் பாதியில் தொடங்கி நான்கு முதல் ஆறு வாரத்தில் முழுமைக்குக் கொண்டுபோங்கள். ஒரு மாற்றம் செய்தபின் குறைந்தது பத்து நாளாவது கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். பாசி தன் பச்சையத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்துகொள்ள அவ்வளவு நாள் ஆகும்.

அறிகுறிகள் இப்படி இருக்கும். வெளிச்சம் குறைவென்றால் பவளம் கூடுதல் பாசியை வைத்துக்கொள்ளும், அதனால் பழுப்பேறும். மஷ்ரூம் தட்டையாக விரிந்து படுக்கும், சோவாந்தஸ் தண்டு நீண்டு மேலே எக்கும். வெளிச்சம் மிகுந்தால் உச்சியிலிருந்து நிறம் வெளுக்கும், பாலிப் பகலில் சுருங்கியே கிடக்கும், மஷ்ரூம் பொத்தான் அளவுக்குச் சுருளும் அல்லது பாறையை விட்டுவிட்டு நிழலுக்கு நகர்ந்துவிடும். தண்ணீர் கெட்டாலும் சில அறிகுறிகள் இதே மாதிரி இருக்கும் என்பதால் விளக்கைத் தொடுமுன் உப்பு அளவையும் ஆல்கலினிட்டி எனும் காரத்தன்மை அளவையும் ஒருமுறை பாருங்கள். குறைவா மிகுதியா என்று சந்தேகம் வந்தால் குறைப்பதுதான் பாதுகாப்பு. குறைந்த வெளிச்சத்தில் பவளம் மெதுவாகச் சோரும், திருத்த நேரம் கிடைக்கும். மிகுந்த வெளிச்சம் நேரம் தராது.

எதிர்பாராமல் வெளிச்சம் கூடும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. நாள்பட்ட தொட்டி நீரில் மெல்லிய மஞ்சள் படியும், பக்கவாட்டில் பார்த்தால் தெரியும். அது நீல ஒளியை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அப்புறம் ஒரு நாள் நிறைய வடிகட்டும் கரியை (ஆக்டிவேட்டட் கார்பன்) போட்டு வடிகட்டினால் தண்ணீர் பளிங்காகிவிடும், பவளத்தின் மேல் விழும் நீலமும் ஒரே இரவில் கூடிவிடும். கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், அல்லது போடும் வாரத்தில் விளக்கைத் தணியுங்கள். விளக்கின் கண்ணாடியில் படியும் உப்பைத் துடைப்பதும் இந்த வகைதான். வாரம் தவறாமல் துடைத்தால் ஒளி சீராக இருக்கும், ஆறு மாத உப்பை ஒரே நாளில் துடைத்தால் அதிர்ச்சி.

## வாங்கும் முன் இரண்டு விஷயம்

இந்தியாவில் பாறை கட்டும் கல்பவளங்கள், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவை 2001 முதல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. ராமேஸ்வரம் பக்கத்துக் கடலிலிருந்து எடுத்து வந்தது என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் தொடவே தொடாதீர்கள். உலக அளவிலும் கல்பவள வணிகம், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கீழ் இருக்கிறது. இந்த நிலையில் மஷ்ரூம், சோவாந்தஸ் போன்ற மென்பவளங்களே தொடங்குவதற்குப் பொருத்தம், அவற்றுக்கு விளக்குச் செலவும் குறைவு. பண்ணையில் துண்டு போட்டு வளர்த்ததா என்று கேட்டு, காகிதம் பார்த்து வாங்குங்கள். அக்ரோபோரா வளர்க்கப் போகும் பலத்தில் விளக்கு வாங்கிவிட்டு அதன் கீழ் மஷ்ரூமை வைத்து வாட்டுவதைவிட, வளர்க்கப் போவதை முதலில் முடிவு செய்துகொண்டு விளக்குக்குப் போவது எல்லா வகையிலும் மேல்.

இரண்டாவது, மின்வெட்டு. இன்வெர்ட்டரில் எதை மாட்டுவது என்று யோசித்தால், விளக்கை விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நாள் இருட்டைப் பெரும்பாலான பவளங்கள் தாங்கிக்கொள்ளும். தொட்டியில் வரும் சில கெட்ட பாசிகளை ஒழிக்க வளர்ப்பவர்கள் வேண்டுமென்றே மூன்று நாள் விளக்கை அணைத்துப் போடுவதும் உண்டு. தண்ணீர் ஓட்டம் நின்றால்தான் ஆபத்து. இருட்டில் பாசியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளத் தொடங்கும், மீனும் பவளமும் எடுத்துக்கொள்ளும், சில மணி நேரத்தில் மூச்சுத் திணறல் வந்துவிடும். அலை எழுப்பும் மோட்டாரை முதலில் மாட்டுங்கள். மின்சாரம் திரும்பி வந்ததும் விளக்கை நேரே பழைய உச்சத்துக்குக் கொண்டுபோகாமல், ஓரிரு நாள் தணித்தே எரியவிடுங்கள்.